கடல்நீர்த் தொட்டியில் ஹீட்டர் எங்கே, சென்சார் எங்கே?

பம்ப் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் கடல்நீர்த் தொட்டியில் தெர்மாமீட்டரை எந்த மூலையில் விட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டும். புதிதாகத் தொட்டி வைக்கிறவர்கள் இதை லேசில் நம்ப மாட்டார்கள். ஹீட்டர் கீழே சம்ப் என்னும் துணைத் தொட்டியில் கிடக்கிறது, மீன் மேலே நீந்துகிறது, சூடு அங்கே போய்ச் சேருமா என்று கேட்பார்கள். சேரும். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு நடுத்தரத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். மேலே கண்ணாடித் தொட்டியில் 200 லிட்டர், அடியில் அலமாரிக்குள் இருக்கும் சம்ப்பில் 40 லிட்டர். கீழிருந்து மேலே தண்ணீரை ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் மணிக்கு 1000 லிட்டர் தள்ளுகிறது. 100 வாட் ஹீட்டர் இரண்டு. ஒரு லிட்டர் கடல்நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க ஏறத்தாழ 4.1 கிலோஜூல் வேண்டும். அப்படியானால் இரண்டு ஹீட்டர்களும் சேர்ந்து எரியும்போது, அவற்றைத் தாண்டிப் போகும் தண்ணீர் 0.2 டிகிரிகூட ஏறாது. சூடு அந்த இடத்தில் தேங்குவதில்லை. உண்டாகும்போதே தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. 240 லிட்டரும் ஒரு டிகிரி ஏற ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் எல்லா இடத்திலும் சேர்ந்தே ஏறும்.

அப்புறம் எங்கே வைத்தால் என்ன என்று தோன்றும். பம்ப் நின்றுபோன நாளில், தண்ணீர் குறைந்துபோன நாளில், சென்சார் நழுவி வெளியே விழுந்த நாளில்தான் இடத்தின் அருமை தெரியும். ஹீட்டரையும் சென்சாரையும் பொருத்தும்போது 'எங்கே வைத்தால் சரியாக அளக்கும்' என்று மட்டும் யோசிக்காமல், 'ஏதாவது ஒன்று பழுதானால் சூடு எங்கே போய்ச் சேரும்' என்றும் யோசிக்க வேண்டும். நான் இந்த விஷயத்தை விளக்கும்போதெல்லாம் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒரு டிகிரி இரண்டு டிகிரிக்கு ஏன் இத்தனை கவலை என்று சிலர் நினைக்கலாம். பவளத் தொட்டிகளைப் பொதுவாக 24 முதல் 27 டிகிரிக்குள் வைத்திருப்பார்கள். பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது, நிறமும் தருகிறது. தண்ணீர் அளவுக்கு மேல் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். கடலில் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே வெளுப்பு தொடங்கிவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் அப்படித்தான் நடந்தது. மீனுக்கு வேறு பிரச்சினை. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், அதே நேரம் மீனின் உடலோ கூடுதல் ஆக்சிஜன் கேட்கும். ஹீட்டர் அணையாமல் எரிந்த தொட்டியில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அதனால்தான். குளிரில் மீன் சோர்ந்து போகும், நோய் வரலாம், ஆனால் பெரும்பாலும் நமக்குச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். சூடு அத்தனை அவகாசம் தருவதில்லை. ஆகவே இரண்டில் ஒரு பக்கம் தவறித்தான் ஆக வேண்டுமென்றால், குளிர்ந்த பக்கம் தவறும்படி அமைப்பது புத்திசாலித்தனம்.

சென்னை, மதுரை மாதிரி ஊர்களில் ஏசி இல்லாத அறையில் தொட்டி இருந்தால் வருடத்தில் பெரும்பகுதி ஹீட்டர் வேலையே செய்யாது. அங்கே தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரோ, நீர்ப்பரப்பில் வீசும் மின்விசிறியோதான் முக்கியம். இரவெல்லாம் ஏசி ஓடும் அறை, ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரின் மார்கழிக் குளிர், இன்னும் டொராண்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் என்றால் ஹீட்டர் கட்டாயம். ஹீட்டரும் சில்லரும் சேர்ந்தே இருந்தால் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள். ஹீட்டர் 25.5 டிகிரியில் அணைய வேண்டும், சில்லர் 27-க்குப் பிறகே எழ வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் ஒன்று சூடாக்க, மற்றது குளிர்விக்க, நாள் முழுக்க மின்சாரம் வீணாகும்.

இந்த ஏற்பாட்டில் மூன்று உறுப்புகள் உண்டு. சூடாக்குவது ஹீட்டர். அளப்பது சென்சார், அதாவது ஒயரின் நுனியில் இருக்கும் வெப்ப உணரி. சென்சார் சொல்வதைக் கேட்டு ஹீட்டருக்கு மின்சாரம் கொடுப்பதும் நிறுத்துவதும் கன்ட்ரோலர். எஸ்.டி.சி-1000 போன்ற மலிவான கன்ட்ரோலரில் இருந்து பெரிய கணினிக் கன்ட்ரோலர் வரை எல்லாம் இந்த ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கண்ணாடி ஹீட்டர்கள் பெரும்பாலானவற்றில் உள்ளேயே, குறித்த வெப்பத்தில் தானாக அணைக்கும் தெர்மோஸ்டாட் ஒன்று இருக்கும். டைட்டானியம் ஹீட்டர்களில் பலவற்றில் அது இருக்காது. கன்ட்ரோலர் இல்லாமல் சொருகினால் எரிந்துகொண்டே இருக்கும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஹீட்டருக்கு வருவோம். வழக்கமான சம்ப்பில் மூன்று அறைகள். முதல் அறையில் மேல்தொட்டித் தண்ணீர் வந்து விழும், வடிகட்டும் துணிப்பை அங்கே இருக்கும். இரண்டாவதில் ஸ்கிம்மர், அதாவது கழிவை நுரையாக்கி அகற்றும் கருவி. கடைசியில் ரிட்டர்ன் பம்ப். நடுவில் நிற்கும் தடுப்புக் கண்ணாடிகளின் உயரம்தான் முதல் இரண்டு அறைகளின் நீர்மட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஆவியாகிப் போகும் தண்ணீர் எதுவானாலும் அதன் குறைவு முழுவதும் கடைசி அறையிலேயே தெரியும். நாளைக்கு 3 லிட்டர் ஆவியாகிறது, கடைசி அறை 30-க்கு 30 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஒரே நாளில் அங்கே மட்டம் 3 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கும். நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால், நன்னீர் ஊற்றும் தானியங்கி ஏற்பாடு இல்லாத தொட்டியில் 13 சென்டிமீட்டர் போயிருக்கும்.

பம்ப் அறையில் செங்குத்தாக நிற்கும் ஹீட்டர் அப்போது பாதி வெளியே தெரியும். காற்றில் இருக்கும் பகுதியின் சூட்டை எடுத்துப்போகத் தண்ணீர் இல்லை, கண்ணாடி கொதிக்கும். அதன்மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல்தான். விரிசல் விட்ட ஹீட்டருக்குள் உப்புத்தண்ணீர் புகுந்தால் தொட்டி முழுவதும் மின்சாரம் பாயும். ஆகவே ஹீட்டருக்கு உரிய இடம் மட்டம் மாறாத அறை, பெரும்பாலும் ஸ்கிம்மர் அறை. அங்கேயும் தண்ணீர் உள்ளே வரும் பக்கமாக, ஓட்டம் நன்றாக இருக்கும் இடத்தில், முடிந்தவரை தாழ்வாகப் படுக்கவைத்துப் பொருத்துங்கள். படுத்திருக்கும் ஹீட்டர் தண்ணீர் மாற்றும்போதும் முழுகியே இருக்கும். சில மாடல்களைச் செங்குத்தாக மட்டுமே வைக்க வேண்டும், அவற்றின் உடம்பில் குறைந்தபட்ச நீர்மட்டக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டை மதியுங்கள்.

அக்ரிலிக் சுவரையோ பிளாஸ்டிக் குழாயையோ வடிகட்டிப் பஞ்சையோ ஹீட்டர் தொடக் கூடாது. மணலுக்குள் புதைக்கவும் கூடாது. தொடும் இடத்தில் சூடு தேங்கி, அந்தப் பொருள் வளையும், அல்லது கண்ணாடி உடையும். ரப்பர் உறிஞ்சிகள் உப்புத்தண்ணீரில் நாளடைவில் இறுகிப் பிடி விட்டுவிடும் என்பதால் ஒரு பிளாஸ்டிக் டையையும் போட்டு வைப்பது நல்லது.

அடுத்து சென்சார். பலரும் தடுமாறுவது இங்கேதான். ஹீட்டரின் பக்கத்திலேயே ஒட்டினால் அது தொட்டியின் வெப்பத்தைச் சொல்லாது, ஹீட்டரைச் சுற்றியுள்ள நாலு விரல் தண்ணீரின் வெப்பத்தைத்தான் சொல்லும். ஹீட்டர் எரிந்த உடனே 'போதும்' என்று கன்ட்ரோலர் அணைக்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி எரிய விடும். இந்த எரிந்து அணையும் ஆட்டத்தில் தொட்டி குளிர்ந்தே கிடக்கும், கன்ட்ரோலருக்குள் சுவிட்சாக வேலை செய்யும் ரிலேயும் சீக்கிரம் தேய்ந்துபோகும். தண்ணீர் அசையாத மூலையும் ஆகாது, வெளிச்சம் நேராக விழும் இடமும் ஆகாது. ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றும் குழாயின் வாய்க்குக் கீழேயும் வைக்கக் கூடாது. குளிர்ந்த தண்ணீர் நுனியில் சொட்டச் சொட்டக் கன்ட்ரோலர் தப்புக்கணக்குப் போடும்.

மேல்தொட்டியிலா, சம்ப்பிலா என்பது பழைய வாக்குவாதம். மீன் இருக்கும் இடத்தை அளப்பதுதானே முறை என்பார்கள் சிலர். பம்ப் ஓடும்வரை இரண்டு இடமும் ஒன்றுதான் என்று மேலே பார்த்தோம். இப்போது ரிட்டர்ன் பம்பை நிறுத்திப் பாருங்கள். ஏதோ ஒரு நத்தை அதன் வாயை அடைத்துவிட்டது, அல்லது மீனுக்குத் தீனி போட நிறுத்தியவர் திரும்பப் போட மறந்துவிட்டார். சென்சார் மேல்தொட்டியில் இருந்தால், மேலே உள்ள தண்ணீர் மெல்ல மெல்லக் குளிரும். கன்ட்ரோலர் 'இன்னும் சூடு வேண்டும்' என்று ஹீட்டரை எரியவிடும். கீழே ஹீட்டர் இருக்கும் அறையில் 18 லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்றால், 200 வாட்டில் அது ஆறு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். சுவர் வழியாகவும் மேற்பரப்பு வழியாகவும் போகும் வெப்பத்தைக் கழித்தாலும், சில மணி நேரத்தில் அந்த அறையின் சூடு பெரும்பாலான கடல் உயிர்களுக்குத் தாங்காது. அங்கே கற்களில் குடியிருந்து அம்மோனியாவைத் தின்றுவந்த பாக்டீரியாக்களும் போய்விடலாம். பம்ப் மறுபடி ஓடும்போது முதலில் மேலே பாய்வது அந்தச் சூடான தண்ணீர். மொத்தமும் கலந்த பிறகு சராசரி பெரிதாக மாறியிருக்காது என்றாலும், குழாய் வாய்க்கு எதிரே இருக்கும் பவளத்துக்கு அந்த முதல் சில நிமிடங்களே போதும்.

சென்சார் ஹீட்டர் இருக்கும் அதே அறையில் இருந்தால் இந்தக் கதை நடக்காது. அறை சூடாகும், சென்சார் அதைப் பார்க்கும், ஹீட்டர் அணையும். மேல்தொட்டியின் தண்ணீர், வீட்டு அறையின் குளிருக்கு மெதுவாக இறங்கும். 200 லிட்டர் இறங்கப் பல மணி நேரம் ஆகும், அதற்குள் யாராவது கவனித்துவிடுவோம். நான் பரிந்துரைக்கும் இடம் இது: ஹீட்டர் ஸ்கிம்மர் அறையில் தண்ணீர் நுழையும் பக்கம், சென்சார் அதே அறையில் தண்ணீர் வெளியேறும் பக்கம், தடுப்புக் கண்ணாடியை ஒட்டி, மேற்பரப்புக்கு நன்றாகக் கீழே. இரண்டுக்கும் நடுவில் ஸ்கிம்மர் தண்ணீரைக் கலக்கிவிடும். பம்ப் அறையில் சென்சாரை வைப்பவர்கள் உண்டு, அளவு சரியாகவே வரும். ஆனால் பம்ப் நின்றதும் அந்த அறைக்குச் சூடு வராது, கன்ட்ரோலர் ஏமாந்துபோகும். மட்டம் இறங்கினால் சென்சார் வெளியே தொங்கும் ஆபத்தும் அங்கேதான் அதிகம்.

சென்சார் தண்ணீரை விட்டு வெளியே வருவது இருப்பதிலேயே மோசமான விபத்து. 22 டிகிரி ஏசி அறையில் அது காற்றின் வெப்பத்தை அளந்துகொண்டு 22 என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஹீட்டர் அணையவே அணையாது. சென்சார் ஒயர் அறுந்தால் பல கன்ட்ரோலர்கள் கண்டுபிடித்துக் கத்தும். வெளியே தொங்கினால் அவற்றுக்குத் தெரிய வழியில்லை, ஏனென்றால் 22 என்பதும் ஒரு நியாயமான எண்தான். சம்ப்பில் கை விட்டு வேலை செய்யும்போது ஒயர் கையில் மாட்டி இழுபடுவது சர்வசாதாரணம். அதனால் ஒயரை ஒரே இடத்தில் பிடித்துக் கட்டாமல் இரண்டு இடத்தில் கட்டுங்கள்: நுனிக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் ஒன்று, சம்ப்பின் விளிம்பில் ஒன்று. ஸ்டீல் உறை போட்ட சென்சார்களைக் கடல்நீரில் விட வேண்டாம், கொஞ்ச காலத்தில் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் அல்லது எபாக்சி உறை போட்டதை வாங்குங்கள்.

எவ்வளவு கவனமாக வைத்தாலும் ஒரு உறுப்பை மட்டும் நம்பக் கூடாது. கன்ட்ரோலரின் ரிலே சில நேரம் உள்ளே ஒட்டிக்கொண்டுவிடும். ஹீட்டருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்டும் அப்படியே. பழுதானால் 'எரியாமல் போவது' மட்டும் நடக்கும் என்று நினைக்காதீர்கள்; 'அணையாமல் போவது' அடிக்கடி நடக்கிற ஒன்று. எனவே இரண்டு பூட்டுப் போடுங்கள். கன்ட்ரோலரை 25.5-ல் வைத்தால், ஹீட்டரின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை 26.5-ல் வையுங்கள். சாதாரண நாட்களில் கன்ட்ரோலர் தான் வேலை செய்யும். அது ஒட்டிக்கொண்ட நாளில் தெர்மோஸ்டாட் காப்பாற்றும். இரண்டும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம்.

ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சிறியவை என்று நான் முதலிலேயே எழுதியதற்கும் இதே காரணம்தான். 300 வாட் ஹீட்டர் ஒன்று அணையாமல் நின்றால் நமது 240 லிட்டர் தொட்டி மணிக்கு ஒரு டிகிரிக்கும் மேல் ஏறும், ஒரே இரவில் எல்லாம் முடிந்துவிடும். 100 வாட் ஒன்று அணையாமல் நின்றால் ஒரு டிகிரி ஏறவே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். குளிர்ந்த அறையில் தொட்டி இழக்கும் வெப்பமும் அதோடு போட்டி போடுவதால் சில டிகிரியோடு நின்றுவிடும். இரண்டில் ஒன்று எரியாமல் போனாலும் மற்றது ஓரளவு தாங்கிப் பிடிக்கும். லிட்டருக்கு அரை வாட் முதல் ஒரு வாட் வரை மொத்தமாக வைத்துக்கொள்ளலாம். ஏசி அறைக்கு அரை வாட் பெரும்பாலும் போதும், பனி கொட்டும் ஊருக்கு ஒரு வாட்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் இன்வெர்ட்டர். ஹீட்டர் இன்வெர்ட்டர் இணைப்பிலும் பம்ப் சாதாரண இணைப்பிலும் மாட்டிக்கொண்டால், கரண்ட் போகும்போதெல்லாம் பம்ப் நின்று ஹீட்டர் மட்டும் எரியும். நேர்மாறாக மாற்றுங்கள். இன்வெர்ட்டரில் இருக்க வேண்டியது பம்பும் காற்று மோட்டாரும். ஹீட்டர் பேட்டரியையும் சீக்கிரம் குடித்துவிடும், அந்த நேரத்தில் அது தேவையும் இல்லை.

மின்பாதுகாப்பை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தவிர்க்கக் கூடாதது. தொட்டிக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுத் தடுப்பு சுவிட்ச் வேண்டும், எலக்ட்ரீஷியனிடம் ஆர்.சி.சி.பி. என்று சொன்னால் புரியும். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்கு வருவதற்கு முன் ஒரு வளைவாகக் கீழே இறங்கி மேலேற வேண்டும். அப்போது ஒயரில் வழியும் உப்புத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்கிற்குள் போகாது. கன்ட்ரோலரை சம்ப்புக்கு நேர் மேலே மாட்டாதீர்கள், உப்புக்காற்று அதைத் தின்றுவிடும். தண்ணீர் மாற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

சம்ப் இல்லாத சிறு தொட்டி என்றால் ஹீட்டரை வேவ்மேக்கர் என்னும் நீரோட்டம் உண்டாக்கும் பம்பின் ஓட்டம் படும் இடத்தில் தாழ்வாக வைத்து, சென்சாரை எதிர்க்கோடியில் நடு ஆழத்தில் வையுங்கள். அனிமோன் வளர்ப்பவர்கள் ஹீட்டருக்குக் கட்டாயம் பிளாஸ்டிக் கூண்டு போட வேண்டும். அது இடம் விட்டு இடம் நகரும் உயிர், ஹீட்டரில் போய் ஒட்டினால் வெந்துபோகும். பின்பக்கம் அறைகள் கொண்ட ஒற்றைத் தொட்டிகளில், மட்டம் இறங்கும் அறை பம்ப் இருக்கும் கடைசி அறைதான், எனவே ஹீட்டர் அதற்கு முந்தைய அறைக்கே போக வேண்டும்.

மேல்தொட்டியில் கன்ட்ரோலரோடு சம்பந்தமில்லாத தனித் தெர்மாமீட்டர் ஒன்று எப்போதும் இருக்கட்டும். மலிவான கன்ட்ரோலர்கள் ஒரு டிகிரி வரை தப்பாகக் காட்டலாம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, அதன் அளவு பெரும்பாலும் 32 அல்லது 35 டிகிரியில்தான் தொடங்கும். நன்றாக நொறுக்கிய பனிக்கட்டியும் கொஞ்சம் நன்னீரும் கலந்த கிண்ணத்தில் சென்சாரைச் சில நிமிடம் விட்டால் பூஜ்யம் காட்ட வேண்டும். வித்தியாசம் இருந்தால் கன்ட்ரோலரில் அதைத் திருத்தும் வசதி பெரும்பாலும் இருக்கும். மாதம் ஒருமுறை ஹீட்டரையும் சென்சாரையும் எடுத்துப் பாருங்கள். கால்சியம் கார்பனேட் சூடான பரப்பில்தான் முதலில் படியும், அதனால் ஹீட்டரில் வெள்ளைப் படலம் பிடிக்கும். சென்சாரில் ஊதாநிறச் சுண்ணப்பாசி ஏறினால் அது வெப்பமாற்றத்தைத் தாமதமாக உணரும். ஆறிய பிறகு நீர் கலந்த வினிகரில் ஊறவைத்துத் துடைத்தால் இரண்டும் போய்விடும்.

எல்லாவற்றையும் பொருத்தி முடித்ததும், மீன் விடுவதற்கு முன்பே, ஒரு விடுமுறை நாளில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒரே தெர்மாமீட்டரால் மேல்தொட்டியின் தூர மூலை, ஸ்கிம்மர் அறை, பம்ப் அறை மூன்றையும் அளந்து பாருங்கள். அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஓட்டம் போதவில்லை, ஹீட்டரை நகர்த்துவதற்கு முன் பம்பைப் பாருங்கள். அடுத்து, ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும்போது ரிட்டர்ன் பம்பை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். ஹீட்டர் தானாக அணைகிறதா? கடைசியாக, சென்சாரை வெளியே எடுத்து, அறையைவிடக் குளிர்ந்த தண்ணீர் உள்ள கிண்ணத்தில் போடுங்கள். கன்ட்ரோலர் ஹீட்டரை விடாமல் எரியவிடும். பம்ப் ஓடட்டும். தொட்டி 26.5-ஐத் தொடும்போது ஹீட்டரின் சொந்தத் தெர்மோஸ்டாட் அதை அணைக்கிறதா என்று பார்க்க ஓரிரு மணி நேரம் ஆகலாம், பக்கத்திலேயே இருங்கள். அணைக்கவில்லை என்றால் அந்த ஹீட்டரைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிய பிறகு மீன் வாங்கப் போங்கள்.